சுவைத்ததைச் சொல்வோம்

நுழையும் முன்

பார்த்த திரைப்படத்தையும் கேட்ட பாடலையும் படித்த நூலையும் பற்றிப் பிறரிடம் பேசுவது நம் அன்றாட வழக்கம். அப்பேச்சு ஒரு சொல்லில் முடிந்துவிடாமல், கேட்பவர் உள்ளத்திலும் அதே சுவையை எழுப்ப வேண்டும். அதற்கான வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு சொல்லில் முடிந்த பேச்சு

ஞாயிற்றுக்கிழமை மாலை. தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் தொலைபேசி ஒலிக்கிறது. ஊரிலிருந்து பாட்டி பேசுகிறார். 'சாப்பிட்டாயா?' என்று கேட்கிறார். 'சாப்பிட்டேன்' என்கிறான் பேரன். 'நன்றாகப் படிக்கிறாயா?' 'படிக்கிறேன்.' 'நேற்றுப் படம் பார்த்தாயாமே, எப்படி இருந்தது?' 'நன்றாக இருந்தது.' அதன்பின் தொலைபேசி அம்மாவின் கைக்கு மாறிவிடுகிறது.

மறுநாள் காலையில் பள்ளிப் பேருந்தில் அதே பேரன், அதே படத்தைப் பற்றி நண்பனிடம் அரை மணி நேரம் பேசுகிறான். எந்தக் காட்சியில் சிரித்தான், எந்தக் காட்சியில் கண் கலங்கினான் என்பதையெல்லாம் இந்தியில் சொல்லுகிறான். அப்படியானால் பாட்டியின் மேல் அவனுக்கு அன்பு இல்லையா? அன்பு நிறைய உண்டு. அந்த அன்போடு சேர்த்துச் சொல்வதற்குத் தமிழ்ச் சொற்கள்தாம் அவனிடம் இல்லை.

உணவு, உறக்கம், உடல்நலம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் ஒரு மொழியில் பேசிவந்தால், அம்மொழியில் நாம் அறிந்த சொற்களும் அந்த அளவோடு நின்றுவிடும். நமக்கு மிகவும் பிடித்தவற்றைப் பற்றி எந்த மொழியில் பேசுகிறோமோ, அந்த மொழியே நம்மோடு சேர்ந்து வளரும். ஆகவே, சுவைத்ததைத் தமிழில் சொல்லப் பழகுவது சிறிய செயலன்று. அதற்குப் பெரிய சொற்களும் தேவையில்லை. நமக்குப் பிடித்த ஓர் இடத்தைத் தெளிவாகக் காட்டத் தெரிந்தால் போதும்.

ஒரு கேள்வியின் பயன்

'என்ன படித்திருக்கிறீர்கள்?' என்னும் எளிய கேள்வி, தமிழ் இலக்கிய வரலாற்றையே மாற்றியிருக்கிறது.

ஆண்டு 1880. கும்பகோணம் கல்லூரியில் 25 வயதுடைய இளைஞர் ஒருவர் தமிழாசிரியராகப் பணியாற்றிவந்தார். அவர் பெயர் உ.வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அப்பொழுது அவ்வூருக்கு நீதித்துறை அலுவலராகச் சேலம் இராமசுவாமி முதலியார் வந்திருந்தார். சாமிநாதையர் அவரைக் காணச் சென்றார்.

எந்தெந்த நூல்களைக் கற்றிருக்கிறீர் என்று முதலியார் வினவினார். சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ் நூல்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். அந்த நீண்ட பட்டியல் முதலியாரை வியப்பில் ஆழ்த்தவில்லை. அவற்றுக்கெல்லாம் முற்பட்ட சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். சாமிநாதையர் அவற்றைப் படித்ததில்லை. அக்காலத்தில் அந்நூல்களின் ஏடுகளைத் தேடிப் படிப்போர் மிகச் சிலராகவே இருந்தனர்.

சிந்தாமணியைப் படித்துச் சுவைக்க வேண்டும் என்னும் வேட்கை முதலியாருக்கு நெடுநாளாக இருந்தது. தம்மிடம் இருந்த படியைச் சாமிநாதையரிடம் கொடுத்தார். அந்நூல் சமண சமயக் காப்பியம். அதில் விளங்காத செய்திகளை, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் சென்று சாமிநாதையர் கேட்டறிந்தார். அவர்கள் தங்கள் வீட்டில் அந்நூலைப் போற்றிப் படித்துவந்தவர்கள். தாங்கள் அறிந்ததை அவருக்கு மனமுவந்து விளக்கினர்.

1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி அச்சு நூலாக வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை ஆகியவற்றைச் சாமிநாதையர் பதிப்பித்தார். பிற்காலத்தில் நாடு அவரைத் 'தமிழ்த்தாத்தா' என்று அழைத்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிவது என்ன? பெயர்களை அடுக்கிச் சொல்வது மட்டும் பகிர்வு ஆகாது. 'இதை நான் சுவைக்க விரும்புகிறேன், நீரும் உடன் வாரும்' என்று அழைப்பதே பகிர்வு. ஒருவர் அழைத்தார்; ஒருவர் வந்தார்; வேறு சிலர் விளக்கினர். பல ஊர்களில் ஏடுகளாக முடங்கிக் கிடந்த நூல்கள், இன்று உங்கள் பள்ளி நூலகத்திலும் இருக்கக்கூடிய நூல்களாகிவிட்டன.

சுவையைக் குறிக்கும் சொற்கள்

நாவில் உணரும் இனிப்பையும் புளிப்பையும் 'சுவை' என்கிறோம். பாட்டிலும் கதையிலும் உணரும் இன்பத்தையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். உணவைச் சுவைத்தவர் 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னால் சமைத்தவர் மகிழ்வார். 'இன்று குழம்பில் புளி அளவாக இருக்கிறது' என்று சொன்னால் இன்னும் மகிழ்வார். உண்டவர் உண்மையாகவே சுவைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். கலைக்கும் இது பொருந்தும்.

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலின் வழியே வெளிப்படுவதைத் தொல்காப்பியம் 'மெய்ப்பாடு' என்று குறிப்பிடுகிறது. அது கூறும் மெய்ப்பாடுகள் எட்டு:

நகை – சிரிப்பு
அழுகை – துயரத்தால் வருந்துதல்
இளிவரல் – இழிவு கண்டு மனம் சுருங்குதல்
மருட்கை – வியப்பு
அச்சம் – பயம்
பெருமிதம் – நிமிர்ந்த மனநிலை
வெகுளி – சினம்
உவகை – மகிழ்ச்சி

ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும், இந்த எட்டில் எவை உங்களிடம் எழுந்தன என்று எண்ணிப் பாருங்கள். 'நன்றாக இருந்தது' என்பதற்கு மாறாக, 'முதலில் நகை தோன்றியது. பிறகு அந்தச் சிறுவன் அவமதிக்கப்பட்டபோது எனக்கு வெகுளி உண்டாயிற்று' என்று உங்களால் சொல்ல முடியும். பழைய இலக்கணம் தந்த சொற்கள், நேற்றுப் பார்த்த படத்துக்கும் பயன்படுவதைக் காண்பீர்கள்.

சொல்லும் முறை

சுவைத்த ஒன்றைப் பற்றிப் பேசும்போது நான்கு செய்திகளை நினைவிற் கொள்ளுங்கள்.

1. எது? படம், பாடல், நூல் ஆகியவற்றின் பெயரையும் படைத்தவரின் பெயரையும் சொல்லுங்கள். கேட்பவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க இது உதவும்.

2. எந்த இடம்? கதை முழுவதையும் சொல்ல வேண்டா. உங்கள் மனத்தில் தங்கிய ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கண்முன் காட்டுங்கள்.

3. ஏன் பிடித்தது? அந்த இடம் உங்களுக்குள் எந்த உணர்ச்சியை எழுப்பியது, உங்கள் வாழ்வில் எதை நினைவூட்டியது என்று சொல்லுங்கள்.

4. யாருக்கு? கேட்பவருக்கு அது ஏன் பிடிக்கும் என்று எண்ணிச் சொல்லுங்கள். தம்பிக்குச் சொல்வதும் தாத்தாவுக்குச் சொல்வதும் ஒன்றாக இரா.

இவற்றோடு ஒரு நாகரிகமும் உண்டு. முடிவைச் சொல்லிவிடக் கூடாது. முடிவைத் தாமே அறிந்து மகிழும் உரிமை கேட்பவருக்கு உரியது.

எடுத்துக்காட்டு: ஒரு திரைப்படம்

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் வகுப்பில் பின்வருமாறு பேசினாள்.

"நான் அண்மையில் பார்த்த படம் 'காக்கா முட்டை'. மணிகண்டன் இயக்கிய இப்படம் 2015இல் திரைக்கு வந்தது. சிறந்த சிறுவர் திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. நடித்த சிறுவர்கள் இருவரும் சிறந்த குழந்தை நட்சத்திரங்களுக்கான தேசிய விருதைப் பெற்றனர். சென்னையில் குடிசைப் பகுதியில் வாழும் அண்ணனும் தம்பியும் பீட்சா உண்ண ஆசைப்படுகிறார்கள். இருப்புப்பாதையோரம் சிதறிக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்றுப் பணம் சேர்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்களுடைய பாட்டி. அவர் பீட்சாவைக் கண்டதே இல்லை. விளம்பரத் தாளில் உள்ள படத்தைப் பார்த்து, தோசைக்கல்லில் மாவை ஊற்றி, காய்களைத் தூவிப் பேரன்களுக்காக ஒரு பீட்சா செய்கிறார். முதலில் சிரித்தேன். உடனே என் பாட்டி நினைவுக்கு வந்தார். சென்ற ஆண்டு நாங்கள் ஊருக்குப் போனபோது, நான் கேட்டேன் என்பதற்காகத் தாம் அறியாத ஒரு பலகாரத்தைச் செய்து பார்த்தார் அவர். அது சரியாக வரவில்லை. நான் பாதியை வைத்துவிட்டேன். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அதை எண்ணி வருந்தினேன். உங்கள் பாட்டியோடு அமர்ந்து இப்படத்தைப் பாருங்கள்."

இம்மாணவி கதை முழுவதையும் சொல்லவில்லை. தோசைக்கல் ஒன்றை மட்டும் காட்டினாள். சிறுவர்கள் பீட்சா உண்டார்களா என்பதை அறிய நமக்கு ஆவல் பிறக்கிறது. பாதி உண்ட பலகாரத்தைப் பற்றி அவள் மறைக்காமல் சொன்னதால், அவள் பேச்சில் உண்மை ஒலிக்கிறது.

எடுத்துக்காட்டு: ஒரு பாடல்

மற்றொரு மாணவன் ஒரு பாடலைப் பற்றி எழுதினான்.

"எங்கள் குடியிருப்பில் ஒரு விழா நடந்தது. என் பஞ்சாபித் தோழன் ஓர் இந்திப் பாடலைப் பாடினான். அந்த மெட்டைக் கேட்டதும் என் அம்மா வியந்து, தாமும் உடன் பாடத் தொடங்கினார். ஆனால் அவர் பாடியது தமிழில்! பிறகுதான் அறிந்தேன். 1992இல் மணிரத்னம் இயக்கத்தில் வெளிவந்த 'ரோஜா' தமிழ்ப் படம். அதுவே ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த முதல் திரைப்படமாம். 'சின்னச் சின்ன ஆசை' என்னும் அப்பாடலை எழுதியவர் வைரமுத்து, பாடியவர் மின்மினி. இசைக்காக ரகுமானும் இப்பாடலுக்காக வைரமுத்துவும் தேசிய விருது பெற்றனர். படம் பின்னர் இந்தியிலும் வந்தது. ஓர் இளம்பெண் தன் சின்னஞ்சிறு விருப்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவதே பாட்டு. தோழனும் நானும் இப்பொழுது மாறி மாறிப் பாடுகிறோம். ஒரே மெட்டுக்குள் இரண்டு மொழிகள் எப்படி அமர்கின்றன என்று கேட்டுப் பார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு."

இசையைப் பற்றிச் சொல்வது கடினம் என்று பலர் எண்ணுவர். இம்மாணவன் இசை நுணுக்கம் எதையும் கூறவில்லை. அப்பாடலைத் தான் எங்கே, யாருடன், எவ்வாறு கேட்டான் என்று சொன்னான். அதுவே போதுமானதாயிற்று. மெட்டு, தாளம், குரல், இசைக்கருவி, சொல் ஆகிய ஐந்தில் எது உங்களை ஈர்த்தது என்று கருதிப் பார்த்தால் இன்னும் சற்று விரிவாகவும் சொல்லலாம்.

எடுத்துக்காட்டு: ஒரு நூல்

முதலில் கண்ட பேரனிடம் திரும்பி வருவோம். இப்பொழுது அவன் பாட்டியோடு பேசும் முறை மாறியிருக்கிறது.

பேரன்: வணக்கம் பாட்டி. இந்த வாரம் நான் ஒரு கதை படித்தேன். சொல்லட்டுமா?

பாட்டி: சொல்லு கண்ணா. தமிழ்க் கதையா?

பேரன்: ஆங்கிலத்தில் எழுதியது, பாட்டி. ஆனால் எழுதியவர் சென்னையில் பிறந்தவர், ஆர்.கே. நாராயண். மைசூரில் வாழ்ந்தவர். 1935இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் அது. சுவாமி என்னும் சிறுவனையும் அவன் நண்பர்களையும் பற்றியது.

பாட்டி: மால்குடி எழுதியவரா? தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேனே!

பேரன்: அவரேதான். அதில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. சுவாமியின் அப்பா ஒரு கணக்குக் கொடுக்கிறார். இராமனிடம் 10 மாம்பழங்கள் இருக்கின்றன. அவற்றை விற்று 15 அணா பெற விரும்புகிறான். கிருஷ்ணனுக்கு 4 பழங்கள் போதும். அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பாட்டி: சிறு பிள்ளையாக இருந்தபோது நானும் அணாக் கணக்குப் போட்டிருக்கிறேன். 16 அணா ஒரு ரூபாய். சுவாமி என்ன விடை சொன்னான்?

பேரன்: அவனுக்குக் கணக்கு ஓடவே இல்லை. அந்த மாம்பழங்கள் பழுத்தவையா இல்லையா என்று யோசிக்கிறான்! படித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. கணக்குத் தேர்வில் நானும் அப்படித்தான் எங்கேயோ போய்விடுவேன்.

பாட்டி: ஏன் சிரிக்கிறாய்? அவன் கேட்டது சரிதானே! காய்க்கு ஒரு விலை, கனிக்கு ஒரு விலை. சந்தையில் தொட்டுப் பார்க்காமல் யாராவது மாம்பழம் வாங்குவார்களா?

பேரன்: ஆமாம் பாட்டி! நான் இப்படி எண்ணிப் பார்க்கவே இல்லை.

பாட்டி: அடுத்த வாரம் மிச்சக் கதையையும் சொல்ல வேண்டும். முடிவை மட்டும் கடைசியில் சொல்லு.

அன்று தொலைபேசி அம்மாவின் கைக்கு வர நெடுநேரம் ஆயிற்று.

இவ்வுரையாடலில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். எந்த மொழியில் படித்தாலும் அதைத் தமிழில் சொல்லலாம். ஆங்கில நூலோ இந்திப் படமோ வங்காளப் பாட்டோ, தமிழில் சொல்லும்போது தமிழ் நமக்குள் வளர்கிறது. அடுத்து, பேரன் பாட்டிக்கு ஒரு கதையைத் தந்தான்; பாட்டி அவனுக்கு அக்கதையில் ஒரு புதிய பொருளைத் தந்தார். பகிர்ந்த பொருள் குறையாமல் பெருகியது.

கேட்பதும் ஒரு கலை

சுவைத்ததைச் சொல்பவருக்குக் கேட்பவரும் வேண்டும். இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தமிழ்க் கவிதையைச் சுவைத்துச் சொல்வதில் புகழ்பெற்றவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவருடைய வீட்டில் நண்பர்கள் கூடுவார்கள். கம்பருடைய பாடல்களையும் பிற கவிதைகளையும் அவர் சொல்ல, கூடியிருந்தோர் கேட்டு மகிழ்ந்து தம் கருத்துகளையும் கூறுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர். தேர்வுக்காகவோ பரிசுக்காகவோ அங்கே எவரும் வரவில்லை. சுவைப்பதற்காகவே வந்தனர்.

உங்கள் வகுப்பிலும் இவ்வாறு வட்டமாக அமர்ந்து பேசலாம். பிறர் பேசும்போது இடைமறிக்காதீர்கள். 'அந்த இடத்தை இன்னொரு முறை சொல்' என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை ஒருவர் புகழ்ந்தால் ஏளனம் செய்ய வேண்டா. 'எனக்கு அவ்விடம் வேறு விதமாகத் தோன்றியது' என்று பணிவோடு காரணம் கூறுங்கள். பிடிக்காததைப் பிடித்தது என்று சொல்லவும் வேண்டா. இருவர் சுவை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இருவர் சொல்லும் உண்மையாக இருக்க வேண்டும்.

நிறைவாக

தமக்கு இன்பம் தரும் கல்வியால் உலகமும் இன்புறுவதைக் கண்டு, கற்றவர் அக்கல்வியை மேலும் விரும்புவர் என்று திருக்குறளின் 'கல்வி' அதிகாரம் கூறுகிறது. நூலுக்குச் சொன்ன இது, பாட்டுக்கும் படத்துக்கும் பொருந்தும்.

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு ஊரின் ஆறும் தெருவும் நாள்தோறும் கிட்டா. ஆனால் பேச்சு கிட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி ஒலிக்கும்போது, 'நன்றாக இருந்தது' என்பதோடு நின்றுவிடாமல் இன்னும் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் அதற்காகவே காத்திருப்பார்.

பயிற்சி

அ. சொல்லும் பொருளும்
வேட்கை – மிகுந்த விருப்பம்
ஏடு – எழுதப்பட்ட பனையோலை
படி – பார்த்து எழுதப்பட்ட நகல்
மெட்டு – பாடலின் இசையமைப்பு
ஏளனம் – இகழ்ச்சியான கேலி

ஆ. விடை தருக
1. சேலம் இராமசுவாமி முதலியார் சாமிநாதையரிடம் கேட்ட கேள்வியால் விளைந்த பயன் யாது?
2. மெய்ப்பாடுகள் எட்டனுள் நீங்கள் அண்மையில் பார்த்த படத்தில் உணர்ந்தவை எவை? காரணம் கூறுக.
3. கிருஷ்ணன் கொடுக்க வேண்டிய அணா எத்தனை? சுவாமியின் ஐயத்தைப் பாட்டி ஏன் சரி என்றார்?

இ. செய்து பார்க்க
இந்த வாரம் உங்களுக்குப் பிடித்த ஒரு பாடலையோ நூலையோ படத்தையோ பற்றி, ஊரில் உள்ள உறவினர் ஒருவரிடம் ஐந்து நிமிடம் தமிழில் பேசுக. அவர் உங்களுக்குச் சொன்ன புதிய செய்தி ஒன்றை எழுதி வந்து வகுப்பில் படித்துக் காட்டுக.